574 கோடுகளை எண்ணிய கண்ணாடிக்காரர்

1801 ஜூலை 21. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு கண்ணாடிப் பட்டறை இடிந்து விழுந்தது. பல மணி நேரத்துக்குப் பிறகு, இடிபாடுகளுக்குள்ளிருந்து 14 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரோடு மீட்கப்பட்டான். அவன் பெயர் யோசப் ஃபிரான்ஹோஃபர்.

கண்ணாடித் தொழிலாளி ஒருவரின் 11ஆவது பிள்ளை அவன். பெற்றோரை இழந்தபின் சம்பளமில்லாமல் தொழில் பழக அங்கே சேர்ந்திருந்தான். புத்தகம் படிக்க முதலாளி விடவில்லை. மீட்புப் பணியைக் காண வந்த பவேரிய ஆட்சியாளர் மனமிரங்கி 18 தங்கக் காசுகள் கொடுத்தார். பையன் அந்தப் பணத்தில் கண்ணாடி அறுக்கும் இயந்திரம் வாங்கினான். மிச்சத்தைக் கொடுத்து முதலாளியிடமிருந்து விடுதலையும் வாங்கினான். அந்த வயதில் நம்மில் எத்தனை பேருக்கு இது தோன்றியிருக்கும்?

1806இல் ஓர் ஒளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். பழைய மடாலயம் ஒன்றில் உலை அமைத்து வில்லைகளுக்கான கண்ணாடி வார்த்தார்கள். அங்கேதான் ஒரு சிக்கல். நல்ல வில்லை செய்ய, ஒவ்வொரு நிறத்தையும் கண்ணாடி எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாக அளக்க வேண்டும். ஆனால் வானவில்லில் சிவப்பு எங்கே முடிகிறது, மஞ்சள் எங்கே தொடங்குகிறது? எல்லையே இல்லை.

1814இல் மெல்லிய பிளவு வழியாக வந்த சூரிய ஒளியை முப்பட்டகத்தில் விழச் செய்து, தொலைநோக்கியால் பார்த்தார். நிறங்களுக்கு நடுவே கறுப்புக் கோடுகள்! ஒன்றிரண்டு அல்ல, 574 எண்ணினார். எப்போது பார்த்தாலும் அதே இடத்தில் அவை நின்றன. அளவுகோலுக்குத் தேவையான கோடுகளைச் சூரியனே போட்டுக் கொடுத்ததுபோல் ஆயிற்று. அவை ஏன் உண்டாகின்றன என்பது மட்டும் அவருக்குத் தெரியாமலே போனது. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக் கோடுகள் உண்டு என்பதை 1859இல்தான் கிர்ச்சாஃபும் பன்சனும் விளக்கினார்கள்.

பிறகு மெல்லிய கம்பிகளை நெருக்கமாகக் கட்டியும், கண்ணாடியில் வைரத்தால் கீறியும் ஒளியைப் பிரிக்கும் கீற்றணிகளைச் செய்தார். இன்றைய நிறமாலைமானிகளுக்குள் இருப்பது அதன் வாரிசுதான். ஒளியிழையில் ஒன்றாக ஓடும் பல அலைநீளங்களைப் பிரிக்கவும் அதே உத்தி உதவுகிறது.

இவ்வளவு செய்தும், பல்கலைக்கழகப் படிப்பில்லாத கைவினைஞர் என்று அறிவியல் கழகத்தில் அவரைச் சேர்க்கச் சிலர் எதிர்த்தார்கள். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. கண்ணாடி செய்முறை தொழில் ரகசியம் என்பதால் அதை அவரும் வெளியிடவில்லை.

1826இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு 39 வயது. முக்கியக் கோடுகளுக்கு ஏ, பி, சி என்று அவர் எழுத்துகளால் பெயரிட்டிருந்தார். ஆய்வுக்கூடத்தில் சோடியத்தின் மஞ்சள் ஒளியை இன்றும் நாம் ‘டி’ கோடு என்றுதான் குறித்துவைக்கிறோம்.