கஜானா சாவி வைத்திருந்த நம்ம துணைவேந்தர்

மலருக்குக் கட்டுரை கேட்டதும், ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுத பத்துப் பேராவது இருப்பார்கள் என்று தெரியும். நான் நம்ம பழைய துணைவேந்தர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

ஏன் அவர் என்று கேட்பீர்கள். கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பெரும்பங்கு வெளிநாட்டுக்காரர்களிடம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு மெயில் வந்தது. என் யூனிட்டை மூடிவிட்டார்கள். கூட இருந்த நாற்பது பேர் வீட்டுக்குப் போனார்கள். என்னை மட்டும் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். வெளிநாட்டுப் பணத்தை யார் உள்ளே விடுறாங்க, என்ன நிபந்தனையில் விடுறாங்க என்று அன்றைக்குத்தான் படிக்க ஆரம்பித்தேன். பின்னோக்கிப் போகப் போக, வந்து நின்ற இடம் நம்ம அண்ணாமலை நகர்!

கோயம்புத்தூரில் 1892ல் மில் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்தார். ஜஸ்டிஸ் கட்சி, மத்திய சட்டசபைத் தலைவர் பதவி, 1935 முதல் 1941 வரை கொச்சி திவான் என்று வளர்ந்தார். எர்ணாகுளம் போனவர்கள் சண்முகம் ரோட்டில் நடந்திருப்பீர்கள். அது இவர் பெயர்தான். 1944ல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவிலும் இருந்தார். ஐ.எம்.எஃப்., உலக வங்கி இரண்டும் உருவானது அங்கேதான்.

காங்கிரஸ்காரர் இல்லாத இவரை நேரு முதல் நிதியமைச்சர் ஆக்கினார். 1947 நவம்பர் 26ல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட். செலவு சுமார் 197 கோடி. அதில் ஏறக்குறைய பாதி ராணுவத்துக்கே போனது. பிரிவினை நேரம், வேறென்ன செய்ய முடியும்?

ஆனால் என்னை இழுத்தது பட்ஜெட் இல்லை. அந்த வருஷம்தான் அந்நியச் செலாவணிச் சட்டம் அமலுக்கு வந்தது. ஒரு கம்பெனி பெரிய அளவில் பங்கு வெளியிட வேண்டுமென்றால் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அனுமதி வாங்கணும். அந்த அலுவலகம் நிதியமைச்சகத்தின் கீழ் இருந்தது. பணத்துக்குக் கதவும், கதவுக்குச் சாவியும் அங்கேதான். 1948 ஏப்ரல் 6ல் வந்த தொழிற்கொள்கைத் தீர்மானம் (அது சியாம பிரசாத் முகர்ஜியின் இலாகா) வெளிநாட்டு மூலதனம் வரலாம், ஆனால் பொதுவாகப் பெரும்பங்கும் நிர்வாகமும் இந்தியர் கையில் இருக்கணும், இந்தியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வெளிநாட்டு நிபுணர்களின் இடத்தில் அமர்த்தணும் என்றது. நம்மைப் போன்ற இன்ஜினியர்களுக்கு அதில் ஓர் இடம் இருந்தது. அடுத்த வருஷமே நேரு அதைக் கொஞ்சம் தளர்த்தினார். 1991ல் அந்நிய முதலீட்டு மேம்பாட்டு வாரியம் வந்தது, 2017ல் அதையும் கலைத்தார்கள். இன்றைக்குப் பெரும்பாலான துறைகளில் பணம் முதலில் வருகிறது. பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குப் படிவம் போகிறது. மூடுவதற்கு என்ன படிவம் என்று நான் கேட்டதில்லை.

சாவி அவரிடம் அதிக நாள் இல்லை. வருமான வரி விசாரணைக் கமிஷனுக்குப் போன பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதில் பெரிய சர்ச்சை. அமைச்சர் என்ற முறையில் பழி அவர் மேல் வந்தது. 1948 ஆகஸ்டில் ராஜினாமா. பதவியில் இருந்தது ஒரே வருஷம்தான். அவருக்குத் தப்பில் பங்கு உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. பதவியைப் பிடித்துத் தொங்காமல் போனார், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதற்கப்புறம்தான், 1950களின் தொடக்கத்தில், நம்ம பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக வந்தார். கணக்குப் பார்த்த மனுஷர் தமிழிசை இயக்கத்தில் முன்னால் நின்றவர், சிலப்பதிகாரத்துக்கு உரையும் எழுதியவர். 1952ல் சுயேச்சையாகச் சென்னை சட்டசபைக்கு ஜெயித்தார். 1953 மே மாதம் காலமானார், வயது 60.

நாலு வருஷம் அந்த வளாகத்தில் படித்தும் அவர் பெயரை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் காலத்தில் படித்த மூத்த அண்ணன்மார் யார் கையிலாவது இந்த மலர் கிடைத்தால், அவரைப் பார்த்த ஞாபகம் எதுவாக இருந்தாலும் சங்கத்துக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.