மிருதங்கம் கேட்ட விஞ்ஞானி

சர் சி.வி.ராமன் என்றாலே ஒளிச்சிதறலும் நோபல் பரிசும்தான் நமக்கு ஞாபகம் வரும். பிப்ரவரி 28ந் தேதி கட்டுரைப் போட்டி வைத்து வைத்தே பள்ளிக்கூடத்தில் அதை மனப்பாடம் பண்ண வச்சுட்டாங்க. ஆனால் நண்பர்களே, எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நமக்கு அவர் ஒலியில் செய்த வேலைதான் அதிகம் உபயோகப்படும் என்பது என் அபிப்பிராயம்.

பெரம்பலூரில் பஸ் ஏறி, சமயபுரம் போய், கொள்ளிடம் தாண்டினால் திருவானைக்காவல் வருமே, அங்கேதான் 1888 நவம்பர் 7ல் ராமன் பிறந்தார். அப்பா கணக்கும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், வயலினும் வாசிப்பார். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 1906ல், ராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை லண்டன் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. அப்போது அவருக்கு 18. என் வயசுதான்!

1907ல் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு அதிகாரி வேலை. நல்ல சம்பளம். ஆனால் காலையில் ஆபீசுக்கு முன்னாடியும் சாயங்காலம் ஆபீஸ் விட்ட பிறகும் பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கத்துக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு உதவியாக இருந்தவர் ஆசுதோஷ் டே. கல்லூரிப் படிப்பே இல்லாதவர். ராமனோடு சேர்ந்து அவர் பெயரும் ஆய்வுக் கட்டுரையில் வந்தது. எங்க வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த எனக்கு, நோபல் பரிசைவிட இந்த விஷயம்தான் மனசில் நிற்கிறது. வயலினை மனிதக் கை இல்லாமல் வாசிக்க ஒரு யந்திரமே அங்கே செய்தார்கள். 1917ல் அதிகாரி வேலையை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1928, 1930 கதை எல்லோருக்கும் தெரியும்.

இனி மிருதங்கத்துக்கு வருவோம். சாதாரணத் தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால் அடிப்படை அதிர்வு 1 என்றால் மேல் அதிர்வுகள் 1.59, 2.14, 2.30 என்று தாறுமாறாக வரும். அதனால்தான் வெறும் 'தொம்' சத்தம். மிருதங்கத்தின் வலந்தலையில் சோற்றோடு கறுப்புக் கல்பொடியைப் பிசைந்து நடுவில் அப்புகிறார்களே, அந்த எடை தோலின் அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்று முழு எண் வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சுருதி பிறக்கிறது. 1920ல் இதைச் சொன்ன ராமன், பெங்களூர் போன பிறகு 1934ல் தோல் மேல் மணல் தூவி அதிர்வுகளின் வடிவத்தையே விளக்கமாகக் காட்டினார். பெயர் தெரியாத நம்ம ஊர்க் கைவினைஞர்கள் கண்டுபிடித்ததற்குக் காரணம் சொன்னவர் அவர்.

எங்கள் குழுவின் இந்த வருஷத்துப் புராஜெக்டும் இதேதான். அரியலூர் பக்கம் ஒரு பெரியவர் வாசித்த ஒரே ஒரு 'நம்' சொல்லைப் பதிவு செய்து, வினாடிக்கு 8000 சாம்பிளாக மைக்ரோகன்ட்ரோலரில் ஏற்றி, எல்எம்386 ஆம்பிளிஃபயர் வழியாகச் சின்ன ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். 300 ஹெர்ட்ஸ் ஒலியை அப்படி வாசித்தால் கூடவே 7700, 8300 ஹெர்ட்ஸ் நிழல்களும் வரும். இரண்டும் 300ன் மடங்கு இல்லை. சோறு அப்பாத தோல் மாதிரிதான், காதுக்குக் கரகர! 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 47 நானோ ஃபாரட் கபாசிட்டரும் இரண்டு அடுக்காகப் போட்டதும் நிழல்கள் பெரிதும் அடங்கின. எல்எம்386 குறைந்தபட்சமே 20 மடங்கு பெருக்கும். 5 வோல்ட் அலையை நேராகக் கொடுத்தால் அதன் தலையும் காலும் வெட்டுப்படும். அதனால் நடுவில் ஒரு பிரிசெட் வைத்துக் குறைத்தோம். இப்போது 'நம்' சொல் 'நம்' என்றே கேட்கிறது. அந்தப் பெரியவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

ராமன் 1970 நவம்பர் 21ல் பெங்களூரில், தான் உண்டாக்கிய ஆராய்ச்சி நிலையத்திலேயே காலமானார். அதன் தோட்டத்தில்தான் தகனம். அந்த இடத்தில் நினைவுச் சின்னம் கிடையாது, ஒரு மரம் மட்டும்.