தாமே கற்ற தொழிலறிஞர்

நூல்கள் கல்விக்கு இன்றியமையாதவை. ஆயினும், கற்றதைக் கையாற் செய்து பார்த்துத் தெளியும்போதே கல்வி நிறைவுறும். இவ்வுண்மையைத் தம் வாழ்வாற் காட்டியவர் கொங்கு நாடு ஈன்ற தொழிலறிஞர் ஜி. டி. நாயுடு ஆவார்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு என்பது அவர்தம் முழுப்பெயர். போத்தனூருக்குக் கிழக்கே, சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் செல்லவில்லை. அது விரைவில் நின்றது. அறிவு வேட்கையோ நிற்கவில்லை. தமிழ் நூல்களைத் தாமே தேடிப் பயின்றார்.

ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையுமின்றி வண்டி ஓடும் விந்தை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை வாங்கப் பொருள் வேண்டுமே! கோவைக்குச் சென்று உணவு விடுதியொன்றிற் பணியாளராய் அமர்ந்தார். சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியதை உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார், அதன் இயக்கத்தை ஐயமற உணர்ந்தார்.

அவ்வியக்கம் யாது? காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உருளையுட் புகுகிறது, அழுத்தப்படுகிறது, மின்பொறி பட்டு எரிகிறது, புகை வெளியேறுகிறது. ஒரு நிகழ்ச்சி அடுத்த நிகழ்ச்சிக்கு வழிவிடுகிறது. இதனைப் பிறர் சொல்லக் கேட்பதினும் பிரித்துப் பார்த்து அறிவதே தெளிவு தரும். அவ்வண்டியே அவருக்கு ஆசிரியர், அதுவே பாடநூல்.

1920ஆம் ஆண்டில் பேருந்து ஒன்றை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அத்தொழில் யுனிவர்சல் மோட்டார் சர்வீசு என்னும் பெரு நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய மின் மோட்டார், இந்நாட்டில் உருவான முதல் மோட்டார் எனப் போற்றப்படுகிறது. வாக்குப் பதிவு எந்திரம், மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி முதலியனவும் அவர்தம் படைப்புகளே. 1952இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் செல்லும் கார் ஒன்றையும் செய்து காட்டினார். அரசின் உரிமம் கிட்டாமையால் அம்முயற்சி தொடரவில்லை.

கோவையில் தொழிற் கல்லூரி தோன்றப் பொருளுதவி செய்த அவர், 1945இல் அதன் முதல்வராகவும் விளங்கினார். நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளிற் கற்பிக்கலாம் என்பது அவர் கருத்து. ஆட்சியாளர் அதனை ஏற்கவில்லை. தாம் உண்மையென நம்பியதை விட்டுப் பதவியைக் காக்க அவர் விரும்பவில்லை, பதவியையே துறந்தார். 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! இது கணிப்பொறிக் காலம். விசையை அழுத்துதல், திரையைத் தொடுதல் போன்ற நிகழ்ச்சி நேரும்வரை காத்திருந்து, நேர்ந்தவுடன் உரிய பணியை ஆற்றும் நிரல்கள் பல உள்ளன. அவற்றை எழுதக் கற்க விரும்புவோர் நல்ல நூலொன்றைத் தேடிக் கொள்க. அத்துடன் அமையாது, சிறு நிரல் ஒன்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மாற்றி, மீண்டும் இயக்கிக் காண்க. கலங்கலிற் பிறந்த இளைஞர் மோட்டார் சைக்கிளைக் கற்ற முறை அதுவே.