விளக்கேந்திய அம்மையாரும் சாக்கடைக் கணக்கும்

மலருக்கு ஒரு பெரியவர் வாழ்க்கையை எழுதித் தா என்று ஊக்குநர் அக்கா சொன்னதும், எனக்கு நைட்டிங்கேல் அம்மையார்தான் ஞாபகம் வந்தார். விளக்கேந்திய சீமாட்டி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவர்தான். விளக்கு மட்டும்தான் நம் மனதில் நின்றது.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820 மே 12-ல் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். ஊர் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் வசதியான குடும்பம். நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே எதிர்ப்பு. பல வருஷம் போராடித்தான் போனார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

1854-ல் ரஷ்யாவோடு கிரிமியப் போர். காயம்பட்ட, சீக்கான சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி, துருக்கியில் ஸ்கூட்டரி ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து போட்டார்கள். நவம்பரில் 38 பெண்களோடு அம்மையார் அங்கே போய்ச் சேர்ந்தார். துணி துவைக்க ஏற்பாடு செய்தார், கஞ்சி காய்ச்ச வைத்தார், ராத்திரியில் விளக்கோடு கட்டில் கட்டிலாகப் போனார். அப்படியும் சாவு நிற்கவில்லை. 1855 பிப்ரவரியில் 100 நோயாளிக்கு 42 பேர் செத்தார்கள். குண்டுக் காயத்தால் இல்லை, பேதியாலும் விஷக்காய்ச்சலாலும்தான் அதிகம். கட்டிடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. தண்ணீர் வரும் வழியில் செத்த குதிரை கிடந்ததாம்.

மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. சாக்கடையை அலசிவிட்டார்கள், செத்ததை அப்புறப்படுத்தினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜூனில் 100-க்கு 2 சாவுதான்.

இதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. போன மழைக்கு எங்கள் தெருவில் வாந்தி பேதி. என் சின்ன மகளுக்கு மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே குழாய்த் தண்ணீரைத்தான் கொடுத்தேன், மறுபடியும் பேதி. அப்புறம் குழுவில் உட்கார்ந்து, யார் யார் வீட்டில் சீக்கு என்று தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். எல்லாம் சிறுபாலத்துக்குக் கீழ்ப்பக்கத்து வீடுகள். போய்ப் பார்த்தால், சாக்கடைக்குள் போகிற குடிநீர்க் குழாயில் உடைப்பு!

அம்மையாரும் கணக்குதான் எழுதினார். 1856-ல் ஊர் திரும்பியவருக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. படுக்கையில் இருந்தபடியே மாதவாரியாகச் சாவுகளைக் கூட்டினார். தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி என்று மூடி மறைக்கவில்லை. காயத்தால் செத்தவர்களுக்குச் சிவப்பு, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்களுக்கு நீலம் என்று வட்டப் படம் போட்டார். நீலம்தான் பெரிசு. படிக்க நேரமில்லாத அதிகாரிக்கும் பார்த்ததும் புரிந்துவிடும். 1860-ல் லண்டனில் நர்ஸ் பள்ளிக்கூடம் தொடங்கினார்.

நம் நாட்டுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் இங்கிருந்த ராணுவ முகாம்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று கேட்டு வாங்கினார். வருஷத்துக்கு 1000 வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு 69 பேர் இங்கே செத்துக்கொண்டிருந்தார்கள். 1863-ல் அறிக்கை வந்தது. முகாம் மட்டும் சுத்தமானால் போதாது, பக்கத்து ஊரும் சுத்தமாக வேண்டும் என்று வயதான காலம் வரை கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்.

1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் காலமானார். ராஜாக்களை அடக்கம் செய்கிற பெரிய தேவாலயத்தில் இடம் தருகிறோம் என்றார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்றுவிட்டார்கள். சொந்த ஊர்ப்பக்கக் கல்லறையில் முழுப் பெயர்கூட இல்லை. இரண்டு எழுத்தும், பிறந்த நாளும், இறந்த நாளும்தான்.