திருப்பணிச் செல்வர் கஸ்தூர்பாய் லால்பாய்

செல்வம் சேர்ப்போர் பலர். சேர்த்த செல்வத்தைக் கொண்டு முன்னோர் விட்டுச்சென்ற அறச்செல்வத்தை அழியாமற் காப்போர் சிலரே. அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் குஜராத்தின் சிராவகப் பெருந்தகை கஸ்தூர்பாய் லால்பாய் ஆவார்.

முகலாயர் காலத்து மணி வணிகர் சாந்திதாஸ் ஜவேரியின் மரபில், 1894 டிசம்பர் 19ஆம் நாள் அகமதாபாத் நகரில் இவர் பிறந்தார். 1912இல் தந்தையார் லால்பாய் தல்பத்பாய் மறையவே, பதினேழு வயதில் கல்லூரிப் படிப்பை விடுத்து ராய்ப்பூர் ஆலையில் நுழைந்தார். பஞ்சுக் கொள்முதலின் நுணுக்கங்களைக் கற்றுத் தேர்ந்தார். அவரது குடும்பத்தின் புகழ்பெற்ற அரவிந்த் ஆலை 1931இல் தோன்றியது.

வணிகத்தோடு பொதுவாழ்விலும் ஈடுபட்டார். 1923 முதல் 1926 வரை மத்திய சட்டசபை உறுப்பினராக இருந்தார். இந்திய ஆலைத் துணியின்மீது ஆங்கில அரசு 3.5 சதவீதக் கலால் வரி விதித்திருந்த காலம் அது. அவ்வரியை ஒழிக்குமாறு சபையில் வாதாடினார். 1926இல் அது நீங்கியது. பிரிவினையால் கராச்சித் துறைமுகம் கைவிட்டுப் போனபின், மேற்குக் கரையில் புதிய துறைமுகத்துக்கு இடம் தேடிய குழுவின் தலைவராகக் கண்ட்லாவைப் பரிந்துரைத்தவரும் இவரே.

ஆயினும் நம் நெஞ்சில் அவரை நிலைநிறுத்துவது ஜீர்ணோத்தாரணப் பணியே. சுவேதாம்பரத் திருத்தலங்களைப் பேணும் ஆனந்த்ஜி கல்யாண்ஜி அறநிலையத்துக்கு நெடுங்காலம் தலைமை தாங்கினார். 1,444 தூண்கள் கொண்டதெனப் புகழ்பெற்ற ராணக்பூர், அபுமலைத் தில்வாரா முதலிய ஜினாலயங்கள் அவர் காலத்தில் புத்துயிர் பெற்றன. சிதைந்த பகுதிகள் மூலப் பணிக்கு இசைந்த சலவைக்கல்லில் மீண்டும் செதுக்கப்பட்டன. சத்ருஞ்சயத்தில் பழஞ்சிற்பங்களை மறைத்து நின்ற பிற்காலக் கட்டடங்கள் அகற்றப்பட்டன. பழமையை மூடுவதன்று, வெளிக்கொணர்வதே திருப்பணி என்பதை அவர் செயலால் காட்டினார்.

சாத்திர தானத்திலும் அவர் குறை வைக்கவில்லை. முனி புண்ணியவிஜயர் திரட்டிய ஏறத்தாழ 10,000 சுவடிகளைப் போற்றிக் காக்க, 1950களில் தம் தந்தையார் பெயரால் அகமதாபாத்தில் இந்தியவியல் ஆய்வு நிறுவனம் கண்டார். 1969இல் பத்மபூஷண் விருது பெற்ற அப்பெரியார், 1980 ஜனவரி 20ஆம் நாள் மறைந்தார்.

அவர் சுவேதாம்பரர், நாம் திகம்பரர். எனினும் கல்லுக்கும் ஏட்டுக்கும் நேரும் அழிவு இரு பிரிவாருக்கும் ஒன்றே. நம் புதுவையின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் திரட்டிக் காத்த சைவ ஓலைச்சுவடிகள், யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் 2005இல் இடம்பெற்றன. பிறர் தம் ஏடுகளை இவ்வாறு போற்ற, நம் இல்லத்துப் பரண்களில் உள்ளவை செல்லுக்கு இரையாகலாமா? நம் ஊர் ஜினாலயத்துக் கற்சிற்பங்களின்மீது சிமென்டும் வண்ணமும் பூசுவது திருப்பணியாகுமா?

கஸ்தூர்பாயின் செல்வம் நம்மிடம் இல்லாதிருக்கலாம். ஏட்டைத் துடைத்து எண்ணெயிட்டு வைக்கவும், கற்றறிந்தாரைக் கேட்டபின் கோயிற் சுவரில் கைவைக்கவும் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை, அக்கறையே வேண்டும்.