கரித்துண்டால் கடலை வரைந்தவர்



கருப்புக் கோடு போட்டு, நடுவில் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டம் அடித்த டிசைனைப் பைகளிலும் சட்டைகளிலும் பார்த்திருப்பீங்க. அந்த மாதிரிப் படங்களால் உலகப் புகழ் பெற்றவர் பியட் மோண்ட்ரியான். அவருடைய கலர் படங்களை விட, அதற்கு முன்னால் கரியில் வரைந்த படங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

மோண்ட்ரியான் 1872-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி நெதர்லாந்து நாட்டில் ஆமர்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். படம் வரைய முதலில் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். சித்தப்பா ஓவியர். மோண்ட்ரியான் பள்ளியில் டிராயிங் சொல்லித் தரும் சான்றிதழ் வாங்கினார். ஆனால் ஓவியர் ஆக வேண்டும் என்று 1892-இல் ஆம்ஸ்டர்டாம் போய் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். முதலில் மரம், ஆறு, காற்றாலை என்று கண்ணால் பார்த்ததை அப்படியே வரைந்தார். சாப்பாட்டுக்காக, கிருமிகளின் படம் கூட வரைந்து கொடுத்தார்!

நாற்பது வயது ஆகும் நேரத்தில் பாரிஸ் போனார். அங்கே அவருடைய மரங்கள் மெல்ல மெல்ல வெறும் கோடுகளாக மாறின.

1914 கோடையில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. திரும்பிப் போக முடியவில்லை.  1915-இல் அப்பாவும் இறந்து போனார்.

அந்தக் கஷ்ட காலத்தில் அவருக்குத் துணையாக இருந்தது கரித்துண்டு. டோம்பர்க் என்ற கடற்கரை ஊரின் கடலையும், கடலுக்குள் நீட்டி அடித்த மரக்கட்டை வரிசையையும் வரைந்தார். அந்தப் படத்தில் அலை இல்லை, படகு இல்லை. ஒரு முட்டை வடிவத்துக்குள் சின்னச் சின்னப் படுக்கைக் கோடு, நிலைக் கோடு, கூட்டல் குறி. அவ்வளவுதான்! கீழே நடுவில் மட்டும் கட்டை வரிசை நேராக மேலே ஏறும். அதை வைத்து மடித்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் கணக்குப் புத்தகத்துச் சமச்சீர் படம் போல ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் என்று தோன்றும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கோடும் கொஞ்சம் மாறி இருக்கும். அலையும் அப்படித்தானே, ஒண்ணு போல இன்னொண்ணு வராது.

கரி நல்ல தோழி. பென்சிலில் இருக்கிற கிராஃபைட்டும் கரியும் கார்பன்தான் என்று அறிவியலில் படித்தோம். ஆனால் கரி தாளில் லேசாகத்தான் ஒட்டும். விரலால் தேய்த்துவிட்டு மறுபடி வரையலாம்.

1919-இல் மோண்ட்ரியான் பாரிஸ் திரும்பினார். படங்கள் சரியாக விற்கவில்லை. பூப்படம் வரைந்து விற்று வயிற்றைக் கழுவினார். ஆனாலும் தன் கோடுகளை விடவில்லை. இப்போது மடித்தால் பொருந்துகிற சமச்சீரையும் விட்டுவிட்டார். ஒரு பக்கம் பெரிய வெள்ளைக் கட்டம், இன்னொரு பக்கம் ஓரமாகச் சின்னச் சிவப்புக் கட்டம். இருந்தும் படம் ஒரு பக்கமாகச் சாயாது. நம்ம காய்கறிக் கடைத் தராசில் ஒரு தட்டில் சின்ன இரும்புப் படிக்கல், மறு தட்டில் ஒரு குவியல் வெண்டைக்காய். இரண்டும் ஒரே மாதிரியா இருக்கு? ஆனால் முள் நடுவில் நிற்குது!

மறுபடி போர் வரும் என்று பயந்து 1938-இல் லண்டன் போனார். அங்கேயும் குண்டு விழுந்ததால் 1940-இல் நியூயார்க் போனார். அப்போது அவருக்கு வயது 68. அங்கே புதிதாக வரையத் தொடங்கினார். 1944 பிப்ரவரி 1-ஆம் தேதி நிமோனியா காய்ச்சலால் இறந்தார். கடைசிப் படம் முடியாமலே நின்றுவிட்டது.

தோழிகளே! எங்க வகுப்பில் ஒருத்தி நல்லா ஓடுவா, ஒருத்தி கணக்கில் புலி, ஒருத்தி வாயே திறக்க மாட்டா. மடித்துப் பார்த்தால் நாங்கள் யாரும் யாரோடும் பொருந்த மாட்டோம். ஆனாலும் எல்லோரும் சமம்தான். மோண்ட்ரியான் படத்தைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் தோணுது.



– 9-ஆம் வகுப்பு மாணவி