வீடுதோறும் சாமி படம்: ஓவியர் கொண்டையராஜுவின் கதை

சிவகாசியைத் தெரியாதவர்கள் உண்டா? தீபாவளிப் பட்டாசு அங்கிருந்து வருகிறது. தீப்பெட்டி அங்கிருந்து வருகிறது. புத்தாண்டு பிறந்தால் கடைக்காரர் சுருட்டிக் கொடுக்கும் காலண்டரும் அங்கிருந்துதான் வருகிறது.

காலண்டரில் முருகன் சிரிக்கிறான். லட்சுமி தாமரை மேல் நிற்கிறாள். ஆண்டு முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துப் போடுகிறோம். படத்தை மட்டும் எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டுகிறோம். பொட்டு வைத்துக் கும்பிடுகிறோம்.

அந்தப் படங்களுக்கு வழி காட்டிய ஓவியர் யார்? அவர் பெயர் சி. கொண்டையராஜு.

மயிலாப்பூர்ப் பிள்ளை

கொண்டையராஜு 1898-ம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் வைத்தியர். பிள்ளைக்கோ படம் வரைவதில்தான் ஆசை.

சென்னையில் அப்போதே ஓர் ஓவியப் பள்ளி இருந்தது. 1850-ம் ஆண்டில் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி அது. கொண்டையராஜு அங்கே சேர்ந்தார்.

ஐரோப்பிய முறைப்படி அங்கே பாடம் நடந்தது. ஒளி எங்கிருந்து விழுகிறது? நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது? தூரத்தில் இருப்பது எப்படிச் சிறுத்துத் தெரியும்? இதையெல்லாம் கணக்காகக் கற்றுக் கொடுத்தார்கள்.

படிப்பு முடிந்தது. ஆனால் மனம் வேறு பக்கம் திரும்பியது. அவர் திருவண்ணாமலைக்குப் போனார். ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார். பிறகு ஊர் உலகத்துக்குத் திரும்பினார். தூரிகையை மறுபடி கையில் எடுத்தார். ஆனால் கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

நாடகப் படுதா

அது நாடகக் கம்பெனிகளின் காலம். ஊர் ஊராகக் கொட்டகை போடுவார்கள். அரசவை வரும். காடு வரும். கைலாயம் வரும். எல்லாம் துணிப் படுதாவில் எழுதிய சித்திரங்கள்தான். கொண்டையராஜு ஒரு கம்பெனியில் படுதா எழுதும் ஓவியராகச் சேர்ந்தார்.

அந்த வேலை அவருக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்தது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் படம் தெரிய வேண்டும். பார்த்த உடனே புரிய வேண்டும். எழுத்து வாசனை இல்லாதவனும் இது இன்ன இடம் என்று சொல்ல வேண்டும்.

1942-ம் ஆண்டு வாக்கில் கம்பெனி கோவில்பட்டியில் முகாம் போட்டிருந்தது. அங்கேயே அது கலைந்தது. நடிகர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். கொண்டையராஜு போகவில்லை. கோவில்பட்டியே அவருக்குச் சொந்த ஊர் ஆயிற்று.

தீப்பெட்டி தந்த வாய்ப்பு

கோவில்பட்டியிலிருந்து சாத்தூர் வழியாகப் போனால் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, 1923-ம் ஆண்டில் அங்கே தொடங்கினார்கள்.

தீப்பெட்டி என்றால் மேலே லேபிள் ஒட்ட வேண்டும். லேபிள் என்றால் வண்ணப் படம் வேண்டும். அதற்காக அச்சகங்கள் வந்தன. லேபிள் அடித்த ஊர் பிறகு காலண்டரும் அடித்தது.

அச்சகத்துக்குப் படம் வேண்டும். படம் எழுதப் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். இப்படித்தான் சிவகாசியும் கொண்டையராஜுவும் சேர்ந்தார்கள்.

அந்தக் காலத்து அச்சு வேலை லேசானது அல்ல. மஞ்சளுக்கு ஒரு தகடு. சிவப்புக்கு ஒரு தகடு. நீலத்துக்கு ஒரு தகடு. ஒரே தாள் பல முறை எந்திரத்துக்குள் போய் வர வேண்டும். மயிரிழை விலகினாலும் போச்சு. உதடு ஓர் இடத்திலும் சிவப்பு ஓர் இடத்திலும் நிற்கும்.

கோவிலுக்குள் போகாதவன் வீட்டில்

சாமி படத்தை அச்சடித்துப் பரப்பியவர்களில் கொண்டையராஜு முதல்வர் அல்ல. திருவிதாங்கூர் ஓவியர் ராஜா ரவி வர்மா 1894-ம் ஆண்டிலேயே பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அவருடைய லட்சுமியும் சரசுவதியும் நாடெங்கும் போனார்கள்.

கொண்டையராஜுவின் கடவுள்களோ நம் ஊர்க் கோவிலில் இருந்து வந்தவர்கள். அவர் வரைந்த மீனாட்சி கல்யாணம் பெரும் புகழ் பெற்றது. சிவபெருமான் மீனாட்சியின் கையைப் பிடிக்கிறார். திருமால் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். இதே காட்சி மதுரைக் கோவிலில் கல் சிற்பமாக நிற்கிறது. கல்லில் இருந்த மணப்பெண்ணுக்குக் காகிதத்தில் பட்டுச் சேலையும் வெட்கமும் வந்தன.

இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் கோவில் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சிவகாசியிலேயே 1899-ம் ஆண்டில் கோவில் நுழைவுத் தகராறு பெருங்கலவரமாக மூண்டது. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார் ஒருவரும் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தது 1939-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதிதான். கொண்டையராஜுவுக்கு அப்போது நாற்பது வயது ஆகியிருந்தது.

சட்டம் வந்தது. ஆனால் எல்லா ஊரிலும் தயக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. காலண்டருக்கு அந்தத் தயக்கம் இல்லை. அது யார் குடிசைக்குள்ளும் போயிற்று. காசு கொடுக்காமலே போயிற்று. ஆணியில் தொங்கிய அம்மன், யார் நீ என்று யாரையும் கேட்கவில்லை.

அவர் எழுதிய தெய்வங்கள் நேராக நம்மைப் பார்க்கும். முகம் உருண்டையாக இருக்கும். உதட்டில் புன்னகை இருக்கும். பின்னால் மலையும் ஆறும் தாமரைக் குளமும் நாடகப் படுதாவைப் போல விரிந்திருக்கும். மேடையில் கற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை.

சீடர்கள்

கொண்டையராஜுவுக்கு மனைவி மக்கள் இல்லை. சீடர்களே பிள்ளைகள். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், சீனிவாசன் என்று பலர் அவரிடம் கற்றார்கள். பிறகு அவர்களே பெயர் பெற்ற காலண்டர் ஓவியர்கள் ஆனார்கள். சில படங்களில் குருவின் கையெழுத்தோடு சீடரின் கையெழுத்தும் சேர்ந்தே இருக்கும். பெருமையைப் பங்கு போட அவர் தயங்கவில்லை.

1976-ம் ஆண்டு கொண்டையராஜு கோவில்பட்டியில் காலமானார்.

சிவகாசி அச்சகங்கள் இன்றும் ஆடிப் பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுகின்றன. இப்போது கம்ப்யூட்டரிலும் படம் செய்கிறார்கள். ஆனாலும் முருகன் என்றதும் நம் மனதில் எழும் முகம் பெரும்பாலும் கோவில்பட்டியில் எழுதிய முகம்தான்.

உங்கள் வீட்டிலோ பாட்டி வீட்டிலோ பழைய சாமி படம் இருக்கிறதா? அடுத்த முறை தூசி துடைக்கும்போது கீழ் ஓரத்தை உற்றுப் பாருங்கள். சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருக்கலாம். கும்பிட்ட கையோடு அந்தப் பெயரையும் ஒரு தடவை வாசியுங்கள்.